பன்னிரண்டு எம்எம் ஓட்டை

போன வாரம் எங்கள் ஆபீஸ் பஸ் பழுதாகிவிட்டது. கேளம்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிற எங்களைத் தாம்பரத்தில் ஏற்றிக்கொள்வதற்கு, எங்கிருந்தோ ஒரு கிழட்டு வாடகை பஸ்ஸைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஏசி கிடையாது. ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றால் நின்றதுதான். என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏறினார்கள். நான் உட்கார்ந்து முன் இருக்கையைப் பார்த்தேன். பெருங்களத்தூர் தாண்டும் வரை கண்ணை எடுக்கவில்லை.

முன் இருக்கையின் முதுகுக் குழாயும் கால் குழாயும் சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு. தகட்டின் ஒரு ஓரம் வளைந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை. அதில் போல்ட் கிடையாது, ஒயர் கிடையாது. யாரோ பழைய டிக்கெட் ஒன்றைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். நீங்களும் பஸ்ஸில் போகிறவர் என்றால் இப்படி ஒரு ஓட்டையை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஏதோ காரணமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு காரணமும் இல்லை. அளந்து பார்க்காமலே சொல்கிறேன், அதன் விட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதை அங்கே வைத்தது நான்.

வெயிலில் சூடான இருக்கையிலிருந்து ரெக்சின் வாசனை வந்தது. அதற்கு அடியில் பெயின்ட் வேகிற வாசனையும் வந்த மாதிரி இருந்தது. இருபது வருஷம் கழித்தும் பெயின்ட் வாசனை தங்குமா என்ன? ஆனால் மூக்குக்கு யார் எடுத்துச் சொல்வது. அந்த நாட்களில் எனக்கு மதியச் சாப்பாடே அந்த வாசனையோடுதான். ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் உள்ளே நடந்தால் எங்கள் கம்பெனி. பஸ் இருக்கைகளின் இரும்புச் சட்டங்களைச் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. சட்டத்தின் மேல் வண்ணப் பொடியைத் தூவி அடுப்புக்குள் விட்டு வேகவைப்பார்கள். அந்த அடுப்பை ஒட்டிய சுவருக்கு இந்தப் பக்கம் டிசைன் ஆபீஸ். என் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் அங்கே மட்டும் வேறு ருசியாக இருக்கும்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கே ஒரு வருஷத்துக்கு டிசைன் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். வீட்டில் எல்லாரும் 'டிசைன்' என்றதும் சேலைக்கு பார்டர் வரைகிற வேலை என்று நினைத்தார்கள். நானும் விளக்கம் சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்கே பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் விஷயம். முதல் வாரம் முழுக்க, காலையில் தூரத்தில் கேட்கிற ஒரு உறுமலை ஏதோ கம்ப்ரஸர் சத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "அது வண்டலூர் ஜூ சிங்கம்டி" என்று ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்தது.

ஸ்டெல்லா என்னோடு அதே நாளில் சேர்ந்த இன்னொரு அப்ரண்டிஸ். அகரம்தென்னிலிருந்து பஸ் பிடித்துக் கிழக்குத் தாம்பரம் வருவாள். ஸ்டேஷனில் நான் அவளுக்காக நிற்பேன். இரண்டு பேரும் செங்கல்பட்டு வண்டியில் ஏறுவோம். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்பாள். ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தை, மேலும் கேட்டால் அரை வார்த்தை, அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வரைய உட்கார்ந்துவிட்டால் அவள் முன்னால் யாரும் நிற்க முடியாது. நான் மூன்று நாள் மல்லுக்கட்டுகிற படத்தை ஒரே நாளில் முடிப்பாள். இதை இன்றைக்குப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. அன்றைக்கே தெரியும், தெரிந்து வயிறு எரியும்.

எரியக் காரணம் இருந்தது. எங்கள் ஆபீஸுக்குத் தலைவர் சபேசன் சார். சேர்ந்த அன்றைக்கே இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். "வருஷக் கடைசியில ஒருத்தரைத்தான் வேலையில வெச்சுக்க முடியும். இப்பவே சொல்லிடறேன்மா, அப்புறம் மனஸ்தாபம் கூடாது." மனஸ்தாபம் கூடாது என்று சொல்வதே அதற்கு விதை போடுகிற வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை.

போதாததற்கு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். காலை அரை நாள் எனக்கு, மதியம் அவளுக்கு. கம்ப்யூட்டர் இல்லாதவள் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஷாப் என்கிற பட்டறைக்குள் போய்ப் பழைய இருக்கைகளை அளக்க வேண்டும், இல்லை பிரிண்டுகளை அடுக்க வேண்டும். அதனால் நான் காலையில் பாதி வரைந்த படத்தை மதியம் அவள் தொடர்வாள். அவள் விட்டதை மறுநாள் நான் தொடர்வேன். ஒரு கோலத்தை இரண்டு பேர் போடுகிற மாதிரி. படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். யார் முடிக்கிறாளோ அவள் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டுக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். அவள் எழுத்து எஸ்டி.

இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. கம்ப்யூட்டரில் வரைகிறவர்களுக்கு லேயர் என்று ஒரு வசதி உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோடு போடுவது மாதிரி. நிஜமான பாகத்தின் கோடுகள் ஒரு தாளில் இருக்கும். நம் கணக்குக்காகப் போட்டுப் பார்க்கிற கோடுகள் வேறு தாளில். கணக்குக் கோடுகளுக்கு நான் கத்திரிப்பூ நிறம் எடுத்துக்கொண்டேன், ஸ்டெல்லா பச்சை. ஒருத்தி நிறத்தை இன்னொருத்தி அழிக்கக் கூடாது, அணைக்கவும் கூடாது. பிரிண்ட் எடுக்கும் முன் அவரவர் தாளை அவரவரே அணைத்துவிட வேண்டும். ஏனென்றால் பிரிண்டரில் எல்லாக் கோடும் கறுப்பாகத்தான் விழும். எது பாகம், எது கணக்கு என்று காகிதத்துக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை அந்தத் தகட்டை வரைந்துகொண்டிருந்தேன். ஓரத்து வளைவுக்கு மையம் எங்கே வருகிறது என்று பார்க்க, நடுவில் ஒரு சின்ன வட்டம் போட்டேன். கத்திரிப்பூ நிறத்தில்தான். சாப்பாட்டு மணி அடித்தது. என் தாளை அணைக்காமலே எழுந்து போய்விட்டேன். பெரிய காரணமெல்லாம் இல்லை, பசி. மதியம் ஸ்டெல்லா வந்து மிச்சத்தை முடித்தாள். என் வட்டத்தை அவள் தொடவில்லை, ஒப்பந்தம் அப்படி. கட்டத்தில் எஸ்டி போட்டு பிரிண்ட் எடுத்து சபேசன் சார் மேஜையில் வைத்தாள். அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். காகிதமும் சிவப்புப் பேனாவும்தான். அன்றைக்கு சிவப்புப் பேனாவுக்கும் அந்த வட்டம் கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை டூல்ரூமிலிருந்து கோதண்டம் அண்ணன் வந்தார். தகடு வெட்டுகிற அச்சைச் செய்கிறவர். படத்தை என் மேஜையில் விரித்து, கிரீஸ் விரலால் வட்டத்தைத் தொட்டார்.

"இன்னா ஓட்டைம்மா இது? அளவு போடாம வுட்டுகீறீங்களே."

அந்த ஒரு நொடியில் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அண்ணா, அது ஓட்டை இல்லை, தப்பாக பிரிண்டில் விழுந்துவிட்டது. எட்டு வார்த்தை கூட வராது. அது வாயில் வரவில்லை. ஷாப்புக்காரர்கள் முன்னால் தெரியாதவளாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

"பன்னெண்டுண்ணா" என்றேன்.

"எதுக்கு?"

"ஒயரிங் போறதுக்கு."

"சீட்டுல இன்னாம்மா ஒயரிங்கு?"

"கஸ்டமர் கேட்டிருக்காங்க."

"சர்தான்" என்று பென்சிலால் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னும் இரண்டு பொய். அதோடும் நிற்கவில்லை. அவர் போனதும் கம்ப்யூட்டரில் அந்த வட்டத்துக்குப் பன்னிரண்டு என்று அளவு போட்டு, புது பிரிண்ட் எடுத்து, ஒரு அடுக்குக் காகிதத்துக்கு நடுவில் வைத்து சபேசன் சாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். வட்டத்தின் நிறத்தை மாற்ற மட்டும் மறந்துபோனேன். காகிதத்தில் எப்படியும் கறுப்புதானே. மூலைக் கட்டத்தில் எஸ்டி அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. மாற்றவில்லை.

இருக்கைகள் நூற்றுக்கணக்கில் போக ஆரம்பித்தன. சில மாதம் கழித்து, பஸ் கட்டுகிற கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஓட்டைக்குள் பேனாவை விட்டு ஆட்டிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாராம். சபேசன் சார் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். கட்டத்தைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, இது என்னம்மா ஹோல்? அந்த மனுஷன் கேக்கறார். நான் என்ன பதில் சொல்றது?"

ஸ்டெல்லா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பாத்து சொல்றேன் சார்."

அவர் நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டாள். "இது நீ போட்டதா?"

"ஞாபகம் இல்லடி" என்றேன்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு சாயந்தரம் சபேசன் சார் அறைக்குப் போய் என்ன சொன்னாள் என்றும் எனக்குத் தெரியாது. என் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவளுக்கு மவுஸ் கிடையாது. பிரிண்டுகளை அடுக்கவும், அளக்கவும் மட்டும் போகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் முழுநாளும் எனக்கு வந்தது. கோதண்டம் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். ஆனால் டிசைன் ஆபீஸில் யாரும் டூல்ரூமைக் கேட்கிற வழக்கமில்லை. இரண்டு வாரம், கதவு திறக்கிற போதெல்லாம் அவர்தானா என்று பார்த்துக்கொண்டே வரைந்தேன். ரயிலில் அவள் எப்போதும் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

ஓட்டையை எடுத்துவிட்டுப் படத்தைத் திருத்தும் வேலையும் எனக்கே வந்தது. அழித்தேன். அச்சிலிருந்து ஓட்டை குத்துகிற ஊசியைக் கழற்றினார்கள். ஓட்டை இல்லாத முதல் சட்டங்கள் பெயின்ட் ஷாப்புக்குப் போன அன்றைக்கு, நடுவில் இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு தனம் அக்கா உள்ளே வந்தார். பெயின்ட் ஷாப்பில் சட்டங்களைக் கொக்கியில் மாட்டி அடுப்புக்கு அனுப்புகிறவர். அதற்கு முன் டிசைன் ஆபீஸுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

"யாரு ஓட்டைய எடுத்தது? காலையிலேர்ந்து ஒரே பேஜாரா கீது. கொக்கிய எங்க மாட்டுறது, உங்க கழுத்துலயா?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. முன்பெல்லாம் கொக்கியைக் குழாயில் போட்டுத்தான் தொங்கவிடுவார்களாம். கொக்கி பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது, ஒரு மழைக்காலத்தில் அங்கேயே துருவும் பிடிக்கும். என் ஓட்டை வந்ததும் தனம் அக்கா யாரையும் கேட்காமல் கொக்கியை அதில் மாட்டிப் பார்த்திருக்கிறார். சட்டம் நேராகத் தொங்கியது. வண்ணம் சீராகப் பிடித்தது. துருப் பிடித்தது என்று திரும்பி வருகிற இருக்கைகள் நின்றுபோயின. ஏன் நின்றது என்று ஆபீஸில் யாரும் யோசிக்கவில்லை. அந்த ஓட்டைக்கு உபயோகம் கண்டுபிடித்தவர் தனம் அக்கா. நாங்கள் உட்கார்ந்திருந்தது சுவருக்கு இந்தப் பக்கம்.

சபேசன் சார் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "தொங்கவிட ஒரு ஹோல் வேணும்னு இத்தனை வருஷத்துல நமக்கு யாருக்காவது தோணித்தா? ஸ்டெல்லா, ஏம்மா இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லலை?"

அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா சிரித்தால் போதும். கட்டத்தில் அவள் எழுத்துதான் இருந்தது. எனக்கு அப்போது நிஜமாகவே ஒரு நிம்மதி வந்தது. நல்லது, அவளுக்குப் போய்ச் சேரட்டும், கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

"நான் போட்டது இல்ல சார்" என்றாள் ஸ்டெல்லா. "இவ போட்டது."

சபேசன் சார் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"ஆமா சார்" என்றேன்.

இரண்டு வாரத்துக்கு முன் இல்லாத ஞாபகம் அன்றைக்கு எனக்கு வந்துவிட்டது. தொங்கவிடத்தான் போட்டாயா என்று அவர் கேட்கவில்லை, நானும் இல்லை என்று சொல்லவில்லை. கோதண்டம் அண்ணன் டூல்ரூம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஒயரிங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். யாருக்கும் புரியவில்லை. எனக்குக் காது சுட்டது.

வருஷக் கடைசியில் என்னை வைத்துக்கொண்டார்கள்.

ஸ்டெல்லாவின் கடைசி நாள் சாயந்தரம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தோம். அவள் கையில் டிபன் டப்பாவும், கம்பெனியில் கொடுத்த சர்டிபிகேட் உறையும். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், வாய் நிற்கவில்லை. "ஏன்டி அன்னிக்கு அப்படி சொன்ன?"

"உன் கலருதானே அது. என்னுதுன்னு எப்படி சொல்றது?"

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. "அப்ப மொதல்ல சார் கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு மத்தியானமே தெறந்து பாத்தேன். கத்திரிப்பூ கலரு." டிபன் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. "நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

வண்டி வந்தது. ஏறினோம். தாம்பரத்தில் அவள் கிழக்குப் பக்கம் இறங்கினாள், நான் மேற்கு.

அந்த வாக்கியத்தை இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவள் என்னைக் காப்பாற்றினாளா, சோதித்தாளா, தண்டித்தாளா? எதுவுமே இல்லாமல், பச்சையைப் பச்சை என்றும் கத்திரிப்பூவைக் கத்திரிப்பூ என்றும் சொல்கிற பழக்கம் மட்டும்தானா? என் புத்திக்கு அது இன்னும் பிடிபடவில்லை. அவள் இப்போது பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொடுக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கேள்வி.

ஊரப்பாக்கத்தில் எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. அடுப்பு இருந்த இடம் கார் நிறுத்துமிடம் என்று நினைக்கிறேன், சரியாக அடையாளம் தெரியவில்லை. சிங்கம் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கும், ஜிஎஸ்டி ரோட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது. ஒரே பெயருக்கு இடம் இருந்த அந்த மூலைக் கட்டமும் போய்விட்டது. இப்போது நாங்கள் வரைகிற மென்பொருள், எந்தக் கோட்டை யார் எந்த நிமிஷத்தில் போட்டார் என்று தானே குறித்துக்கொள்கிறது. என்னிடம் வேலை கற்கிற பிள்ளைகளுக்குள் ஏதாவது தகராறு வந்தால், "ஹிஸ்டரி பாத்துடலாம் மேடம்" என்கிறார்கள். பார்த்தால் தெரிந்துவிடும். ஞாபகம் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஒருத்தி சொல்லட்டும் என்று இன்னொருத்தி காத்திருக்கவும் தேவையில்லை.

அந்த வாடகை பஸ் ஒரே நாள்தான் வந்தது. இறங்கும் முன் ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். டிக்கெட் சுருளை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அந்த பஸ்ஸும் எடைக்குப் போய்விடும். மறுநாள் எங்கள் சொந்த பஸ் வந்துவிட்டது. அதன் இருக்கைகள் வார்த்தெடுத்த பிளாஸ்டிக். தகடு இல்லை, ஓட்டை இல்லை. ஆனாலும் கை தானாகப் போய் முன் இருக்கையில் தடவிப் பார்த்தது.

கேளம்பாக்கம் போக வண்டலூரில் இடது பக்கம் திரும்ப வேண்டும். நேராகப் போனால் பொத்தேரி, ரயிலில் என்றால் மூன்றாவது ஸ்டேஷன். அவ்வளவுதான் தூரம். போய், எனக்கு ஞாபகம் இருந்தது ஸ்டெல்லா, அன்றைக்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு எனக்கு மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். டிரைவர் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். நான் நேராகப் போகிற சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் திரும்பியது.